காட்டுப்பள்ளிக்கு ஒரு ‘ஐ.வி.’: இயந்திரங்களுக்கு முன்னால் அந்த மண்ணில் யார் இருந்தார்கள்?

பொறியியல் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் பிள்ளைகளிடம் ‘ஐ.வி.’ என்றால் விளக்கம் தேவையில்லை. இண்டஸ்ட்ரியல் விசிட். ஒரு தொழிற்சாலை வாசலில் பேருந்து நிற்கும். மஞ்சள் ஹெல்மெட் கொடுப்பார்கள். மனிதவளத் துறை அதிகாரி ஒருவர் நாற்பது நிமிடம் பவர்பாயிண்ட் காட்டுவார். டீ, பிஸ்கட், குழுப் புகைப்படம். மாலையில் கடற்கரை அல்லது ஏதாவது ஒரு மால். சில வருடங்களாக இதற்கான சுற்றறிக்கைகளில் புதுச் சொற்கள் வந்துவிட்டன: செயற்கை நுண்ணறிவு, தானியங்கி, ‘வளர்ந்துவரும் டிஜிட்டல் போக்குகள்’. கட்டணமும் கூடவே ஏறிவிட்டது. கட்ட முடியாத பிள்ளைகள் அன்றைக்கு லீவு போட்டுவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறவர்கள் என்பதை இதைப் படிக்கிற தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் இருபத்திரண்டு பேருக்கு நாங்களே ஓர் ஐ.வி. நடத்துவது என்று முடிவெடுத்தோம். எல்லோரும் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களின் காலனிகளிலிருந்து வருகிறவர்கள். பாதிப் பேர் மெக்கானிக்கல், டிப்ளமோ. மீதிப் பேர் கணினி அறிவியலும் பி.காமும். உள்ளே வந்து பார்க்க அனுமதி கேட்டு இரண்டு நிறுவனங்களுக்குக் கடிதம் போட்டோம். பதில் வரவில்லை. அதனால் வெளியிலிருந்தே பார்ப்பது என்று பாதையை மாற்றினோம்: அத்திப்பட்டு புதுநகர், காட்டுப்பள்ளிச் சாலை, பழவேற்காடு, மறுநாள் தேர்வாய் கண்டிகை. பவர்பாயிண்ட் இல்லாததால் நேரம் நிறைய இருந்தது. பிள்ளைகளுக்காகத் தயாரித்த குறிப்புகளைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறோம். வேறு படிப்பகங்களிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்.

காட்டுப்பள்ளி ஒரு தீவு மாதிரி. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும், வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். இந்தச் சிறு நிலத்துண்டுக்குள்ளும் அதன் ஓரத்திலும் இன்று இரண்டு துறைமுகங்கள், ஒரு கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, அனல் மின்நிலையங்கள், நிலக்கரிக் கிடங்குகள், சாம்பல் குளங்கள். ‘தொழில்நுட்ப வளர்ச்சி’ என்ற சொல்லை ஒரே நாளில் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. உண்மையிலேயே சொல்கிறோம், கேலி இல்லை.

ஆனால் இங்கே தொழில்நுட்பம் நேற்று வந்ததல்ல. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். அந்தக் காலத்து உலகின் மிகப் பெரிய கம்பெனியான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சோழமண்டலக் கரையின் தலைமையிடம் அதுதான். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரைக்கும். துணி ஏற்றுமதி, வெடிமருந்துத் தொழிற்சாலை, கணக்குப் பேரேடுகள், உலகம் முழுக்கக் கப்பல்கள். பழவேற்காட்டுக்கு வரும் கல்லூரிப் பேருந்துகள் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் நின்று எலும்புக்கூடு செதுக்கிய தூண்களைப் படமெடுத்துக்கொண்டு போகும். அந்தக் கப்பல்களில் துணியோடு மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள் என்பது அங்கே யாரும் சொல்லாத கதை. 17ஆம் நூற்றாண்டில், குறிப்பாகப் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், பழவேற்காடு உள்ளிட்ட இந்தக் கரையிலிருந்து பல ஆயிரம் பேர் அடிமைகளாக வாங்கப்பட்டு, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கும் பிற டச்சுக் குடியேற்றங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். பஞ்சத்தில் முதலில் விற்கப்படுவது யார்? நிலம் இல்லாதவர், ஏற்கெனவே இன்னொருவரின் நிலத்தோடு கட்டப்பட்டவர். கம்பெனியின் பேரேட்டில் அவர்களுக்கு எண்ணிக்கை உண்டு, பெயர் கிடையாது.

அடுத்த தொழில்நுட்பம் கால்வாய். பாசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகர் 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய உப்புநீர்க் கால்வாய் அது. பிறகு பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் நீண்டது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, பஞ்ச நிவாரண வேலையாக 1877-78இல் வெட்டப்பட்டது. கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்தது. வெட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது? ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-இல் நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. நாள் முழுக்க மண் வெட்டும் உடம்புக்கு இது பட்டினிக் கூலி என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்திலேயே எதிர்த்தார். பஞ்ச வேலை முகாம்களுக்கு முதலில் போனவர்களும் முதலில் செத்தவர்களும் பெரும்பாலும் நிலமில்லாத பண்ணையாட்கள்.

அத்திப்பட்டு பாலத்தில் நின்று இதைச் சொன்னபோது ஒரு மாணவர் கேட்டார்: “அப்போ இது நம்ம ஆளுங்க வெட்டுன கால்வாயா அண்ணா? இதுக்கு ஏன் அவர் பேரு?” சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

பஞ்சத்துக்குப் பிறகான பதினைந்து ஆண்டுகள் நம் வரலாற்றில் முக்கியமானவை. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997-இல்தான் தனியானது. அதற்கு முன்பு பொன்னேரி வட்டம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றிய அறிக்கையைச் சென்னை அரசுக்குக் கொடுத்தார். மிராசு முறை எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் அரசு அதிகாரியே அதில் எழுதியிருக்கிறார். நிலம் மட்டுமல்ல, சேரியில் குடிசை நிற்கும் மனையும் மிராசுதாரின் பிடியில். கடனுக்குத் தலைமுறை தலைமுறையாக உழைப்பு. தரிசு நிலத்துக்கு ஒரு பறையர் தர்க்காஸ்து மனு போட்டால், முன்னுரிமை தனக்கு என்று சொல்லி மிராசுதார் தடுத்துவிடலாம். பயிர் செய்யாமல் சும்மா போட்டு வைப்பார். ஆனால் சேரிக்காரனுக்குப் போகக் கூடாது. இந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த்துறை அரசாணைகள் 1010, 1010-ஏ வந்தன. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வது அந்த ஆணைகளின் வழியில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கொடுக்கப்பட்ட நிலம். முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுமைக்குமான ஓர் உரிமைக்கு நம் மாவட்டத்துச் சேரிகளின் துயரம்தான் ஆதாரமாக இருந்தது. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த நிலம் எங்கே போனது என்பது தமிழ்நாட்டு தலித் இயக்கத்தின் நூறாண்டுக் கேள்வி. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டதும் இதே அரசாணையில் எழுதப்பட்ட நிலத்தைத்தான்.

இங்கேதான் ‘டிஜிட்டல் போக்கு’ நம் கதைக்குள் வருகிறது. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும் திட்டம் நடந்தது. கிராமத்தில் யு.டி.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும். அனுபவத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குப் பதிவை மாற்றும் வேலை அது. வாங்கக் கூடாதவர்கள் வாங்கி, அடமானத்தில் பிடுங்கி, மிரட்டி எடுத்து அனுபவித்துக்கொண்டிருந்த எத்தனையோ பஞ்சமி நிலங்கள் அந்த எட்டு ஆண்டுகளில் சாதாரணப் பட்டாவாகிவிட்டன. நிபந்தனையைக் காட்டும் குறிப்பு புதுப் பதிவேட்டில் ஏறவே இல்லை. பிறகு கணினி வந்தது. எந்தப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றினார்கள்? யு.டி.ஆர். பதிவேட்டை. இன்று அரசின் இணைய சேவையில் சர்வே எண்ணைத் தட்டினால் அ-பதிவேட்டு விவரம் நொடியில் கைபேசியில் வருகிறது. நல்ல வசதிதான், தாசில்தார் அலுவலகத்தில் நூறு ரூபாய் கொடுத்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் அழிக்கப்பட்டது அழிக்கப்பட்டதாகவே, இன்னும் வேகமாக, இன்னும் நம்பகமான முகத்தோடு வருகிறது. கணினியில் இப்படித்தான் இருக்கிறது என்று சொன்னால் எதிர்க்கேள்வி கேட்பது, பழைய காகிதத்தோடு சண்டை போடுவதைவிடக் கடினம்.

கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் ஆனது. உள்ளே போகும் தரவு பிழையாக இருந்தால் வெளியே வருவதும் பிழையாகத்தான் இருக்கும் என்பது அவர்களின் முதல் செமஸ்டர் பாடம். அந்தத் தரவுக்குச் சாதி உண்டு என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

மறுபடி காட்டுப்பள்ளிச் சாலைக்கு வருவோம். வட சென்னை அனல் மின்நிலையத்தின் முதல் அலகு 1994-இல் ஓடத் தொடங்கியது. 210 மெகாவாட் அலகுகள் மூன்று, பிறகு 600 மெகாவாட் அலகுகள் இரண்டு, இப்போது 800 மெகாவாட்டில் ஒன்று. பக்கத்திலேயே வல்லூர் மின்நிலையம், 1,500 மெகாவாட். நிலக்கரி இறக்குவதற்கென்று தொடங்கப்பட்ட எண்ணூர் துறைமுகம் 2001-இல் செயல்பாட்டுக்கு வந்தது. நிலக்கரியை எரித்தால் மிஞ்சுவது சாம்பல். அதைத் தண்ணீரோடு கலந்து குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்தால் கொசஸ்தலையில் கலக்கிறது. பல ஆண்டுகள் உடைந்துகொண்டே இருந்தது. உப்பங்கழியில் இடுப்பளவு சேற்றில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் கால்களில் ஏறியிருக்கும் சாம்பலைப் பார்த்தால் மெகாவாட் கணக்கின் மறுபக்கம் தெரியும்.

மின்சாரம் மெக்கானிக்கல் பிள்ளைகளை ஈர்த்தது என்றால், குடிநீர் ஆலை எல்லோரையும் ஈர்த்தது. மீஞ்சூர் ஆலை என்று பெயர், இருப்பது காட்டுப்பள்ளியில். 2010 ஜூலையில் திறக்கப்பட்டது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன். ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு என்ற விலையில் 25 ஆண்டுகளுக்குச் சென்னைக் குடிநீர் வாரியம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். இதற்கு முந்தைய அத்தியாயம் ஒன்று உண்டு, அது ஆலை வாசலில் எழுதப்பட்டிருக்காது. 1960களின் இறுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலைப் படுகைகளில் நிலத்தடி நீர் கண்டுபிடிக்கப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு மணலி ஆலைகளுக்கும் நகரத்துக்கும் எடுத்தார்கள். மழை நிரப்புவதைவிட அதிகம் எடுத்தால் கடலோர நிலத்தில் என்ன ஆகும்? நன்னீரின் அழுத்தம் குறையும், கடல்நீர் நிலத்துக்கு அடியில் உள்ளே நகரும். மீஞ்சூர்ப் பகுதியில் அதுதான் நடந்தது. பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கிணறுகள் உப்பாயின. நெல் போன இடத்தில் பண்ணை வேலையும் போனது. நிலம் இருந்தவர் மனை போட்டு விற்றார், அல்லது செங்கல் சூளைக்கு விட்டார். கூலிக்குப் போனவர்களுக்கு விற்க எதுவும் இல்லை. நல்ல தண்ணீரை எடுத்து நிலத்தை உப்பாக்கிவிட்டு, பிறகு உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்க அதே மண்ணுக்கு இயந்திரம் வருகிறது. இரண்டுமே அந்தந்தக் காலத்தில் ‘நவீனத் தொழில்நுட்பம்’. வந்திருந்த பிள்ளைகளில் மூன்று பேரின் வீட்டில் இன்றும் கேன் தண்ணீர்தான்.

ஆலைக்கு வடக்கே துறைமுகம். எல் அண்ட் டி நிறுவனமும் அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கப்பல் தளமும் துறைமுகமும். அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் மாறியது. குப்பத்து மக்கள் ஒப்பந்தக் கூலியாக அல்லாமல் நிரந்தர வேலை கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். துறைமுகம் 2018-இல் அதானி குழுமத்துக்குக் கைமாறியது. 97 விழுக்காட்டுப் பங்கு, 1,950 கோடி ரூபாய். அடுத்து வந்ததுதான் விரிவாக்கத் திட்டம். சுமார் 330 ஏக்கரை 6,110 ஏக்கராக்குவது, ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் கையாளும் திறனை 320 மில்லியன் டன்னாக்குவது. இதில் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. மதிப்பு 53,400 கோடி. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட பொது விசாரணைகள், எதிர்ப்பைப் பார்த்துத் தள்ளிவைக்கப்பட்டன.

கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டினால் என்ன நடக்கும் என்று சாலையோரத்தில் உட்கார்ந்து குச்சியால் வரைந்து காட்டினோம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. சுவர் அதைத் தடுக்கும். சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் மண்ணைத் தின்னும். கைபேசியில் கூகுள் எர்த்தைத் திறந்து பழைய ஆண்டுகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கச் சொன்னோம். துறைமுகம் வருகிறது, சாம்பல் வெள்ளையாகப் பரவுகிறது, வடக்குக் கரை மெலிகிறது. செயற்கைக்கோள் படம் அன்றைய ஐ.வி.யின் உண்மையான ‘டிஜிட்டல்’ பகுதி. அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். துறைமுக எதிர்ப்பு என்றால் ஊடகத்தில் ‘மீனவர்’ என்று ஒரே சொல் வரும். பழவேற்காடு ஏரியில் பாடு என்ற முறை உண்டு. எந்தக் கிராமம், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. ஒருவருக்கு மிகையாகவும் ஒருவருக்கு இல்லாமலும் போகாமல் பார்த்துக்கொள்ளும் நல்ல ஏற்பாடு என்று சூழலியலாளர்கள் எழுதுவார்கள். ஆனால் அந்த முறைக்குள் மீனவச் சாதிக் குடும்பங்களுக்குத்தான் பங்கு. அதே ஏரியை நம்பி வாழும் தலித்துகளும் இருளர்களும் முறைக்கு வெளியே, ஓரத்தில், கையால் தடவித்தான் பிடிக்க வேண்டும். இதைக் கேட்டு ஏரிக்கரையில் தகராறுகளும் நடந்திருக்கின்றன. துறைமுகத்துக்கு எதிராக நாம் மீனவ மக்களோடு நிற்கிறோம், நிற்போம். ஆனால் இழப்பீட்டுப் பட்டியல் எழுதும் நாளில் முறைக்கு உள்ளே இருந்தவர் பெயர் மட்டும் ஏறினால், மிராசுதார் காலத்துக் கணக்கேதான் திரும்ப வரும்.

மறுநாள் தேர்வாய் கண்டிகை. எங்களைப் பொறுத்தவரை பயணத்தின் முக்கியமான இடம் இதுதான். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிராமம். ஊரை ஒட்டி 1,127 ஏக்கர் மேய்க்கால் நிலம்; பதிவேட்டில் புறம்போக்கு, கண்ணுக்குக் காடு. மாடும் ஆடும் மேய்ந்தது அங்கே, விறகும் மூலிகையும் எடுத்தது அங்கே, ஏரிகளுக்குத் தண்ணீர் வடிந்து வந்தது அங்கிருந்து. சொந்த நிலம் இல்லாத குடும்பத்துக்கு, மிராசுதார் வாசலில் நிற்காமல் இரண்டு மாடு வைத்துப் பிழைக்க முடிந்தது இந்தப் பொது நிலத்தால்தான். 2007-இல் அந்த நிலம் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு என்றானது. 2009-இல் பிரான்ஸ் நாட்டு மிச்செலின் டயர் நிறுவனம் 4,000 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை கட்ட அரசோடு ஒப்பந்தம் போட்டது; அதற்கு சுமார் 290 ஏக்கர்.

‘புறம்போக்கு’ என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் கேட்டோம். வசவு என்றார்கள். வசவாக மாறியது பின்னால். வரிக் கணக்குக்குப் புறத்தே விடப்பட்ட நிலம் என்பதுதான் சொல்லின் பொருள்: ஏரி, மேய்ச்சல், சுடுகாடு, பாதை. யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத, எல்லோருக்கும் வேண்டிய நிலம். ஆனால் வருவாய்த்துறைக் கண்ணுக்கு வரி வராத நிலம் வீண் நிலம். பட்டா நிலத்தை எடுத்தால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், விலை கொடுக்க வேண்டும், நீதிமன்றம் வரை போகலாம். புறம்போக்கை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றக் கோப்பில் ஒரு கையெழுத்து போதும். தேர்வாயில் யாருக்கும் நிலம் ‘போகவில்லை’, பதிவேட்டுப்படி. அதனால் இழப்பீடு பெற வேண்டியவர் என்று யாரும் இல்லை.

மக்கள் சும்மா இருக்கவில்லை. மறியல், உண்ணாவிரதம், கைது, வழக்கு. பெண்கள் முன்னால் நின்றார்கள். 2012 ஜூலையில் ஊர்ச் சங்கமும் தமிழக நில உரிமைக் கூட்டமைப்பும், பிரான்சின் சேர்ப்பா, சே.ஜே.தே. தொழிற்சங்கம் போன்ற அமைப்புகளோடு சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. வழிகாட்டுதல்களின்கீழ் பாரிசில் புகார் கொடுத்தார்கள். கும்மிடிப்பூண்டிக் காலனி ஒன்றின் மேய்ச்சல் நிலம் பாரிசில் விசாரிக்கப்பட்டது. நடைமுறை நியாயமாக இல்லை என்று சொல்லி, புகார் கொடுத்தவர்கள் 2013-இல் விலகிக்கொண்டார்கள். நிறுவனம் பெரிய மீறல் எதையும் செய்யவில்லை, ஆனால் மனித உரிமைத் தாக்கத்தை ஆய்வு செய்ய வேண்டும் என்ற வகையில் அங்கே கோப்பு முடிந்தது. ஆலை வந்துவிட்டது. இதே ஆண்டுகளில், 2011 ஜனவரியில், ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்சநீதிமன்றம் கிராமப் பொது நிலங்களை மீட்டு கிராமத்துக்கே தர வேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

அதோடும் முடியவில்லை. சென்னைக்குக் குடிநீர் தரக் கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. டயருக்கும் இந்த மண், தண்ணீருக்கும் இந்த மண்.

இனி வேலைக்கு வருவோம். பிள்ளைகள் கேட்டதும் அதைத்தான். கேட்டைத் தாண்டி வரும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, “இதுல நமக்கு இன்னா வேலை இருக்கு அக்கா?” என்றார். பதில் சொல்ல மூன்று பேர் வேறு வேறு விதமாக முயன்றோம். சென்னையில் 1794-இல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளி தொடங்கியபோது நம்மில் யாரும் அங்கே இல்லை. பிற்காலத்தில் அதுவே பொறியியல் கல்லூரியானது. கையால் செய்யும் தொழில் என்று இழிவாகப் பார்க்கப்பட்ட பொறியியல், பட்டமும் அரசுப் பதவியும் ஆனதும் யார் கைக்குப் போனது என்பதை அஜந்தா சுப்பிரமணியன் ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூலில் ஐ.ஐ.டி. மெட்ராஸை வைத்து விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ஐ.ஐ.டி. தொடங்கியது 1959-இல். பட்டியல் சாதி, பழங்குடி இடஒதுக்கீடு அதற்குள் வந்தது 1973-இல். நடுவில் பதினான்கு ஆண்டுகள். திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006-இல் கைபேசி செய்யத் தொடங்கியபோது கிராமத்துப் பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போனார்கள். 2014 நவம்பரில் ஆலையை மூடினார்கள். டிஜிட்டல் போக்கு அங்கே எட்டு ஆண்டு.

எங்கள் பிள்ளைகளின் அண்ணன்மார் இந்தத் தொழிற்பேட்டைகளில் இருக்கிறார்கள்தான். ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், லோடிங், செக்யூரிட்டி. ஒப்பந்தக்காரரின் அடையாள அட்டை, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை இடைவெளி. கண்டெய்னரில் என்ன இருக்கிறது என்பதை வாசலிலேயே ஸ்கேனர் படித்துவிடுகிறது. அதை இயக்குவதற்கு ஆள் வேறு எங்கிருந்தோ வருகிறார்.

இதையெல்லாம் சொன்னால் ‘வளர்ச்சிக்கு எதிரிகள்’ என்பார்கள். நமக்கு அந்தப் பட்டம் பொருந்தாது. இயந்திரத்தைப் பழித்து ராட்டையையும் கிராமத்தையும் காந்தி முன்வைத்தபோது, மனிதனுக்கு ஓய்வும் பண்பாடும் இயந்திரத்தால்தான் கிடைக்கும், குற்றம் இயந்திரத்தில் இல்லை, அதை யார் கையில் வைத்திருக்கிறார் என்பதில் இருக்கிறது என்று 1945-இல் வாதிட்டவர் அண்ணல் அம்பேத்கர். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது மின்சாரத்துக்கும் நீர்ப்பாசனத்துக்கும் மத்திய அமைப்புகளை உருவாக்கியதும் அவர்தான். மேய்ச்சல் நிலத்தின் அருமையை நாம் சொல்வது, நம் பிள்ளை காலமெல்லாம் மாடு மேய்க்கட்டும் என்பதற்காக இல்லை. மாடு விற்ற காசில் பாலிடெக்னிக் கட்டணம் கட்டிய அம்மாக்களை எங்களுக்குத் தெரியும்.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், பட்டா இல்லாத விவசாயக் கூலிகளையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று ஒப்புக்கொண்டது. சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு அரசு தன் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நிலச் சட்டத்தை அதிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2019-இல் அது செல்லாது என்றது. சட்டமன்றம் அதே மாதம் புதுச் சட்டம் போட்டு உயிர்ப்பித்தது. 2021-இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆக இங்கே கூலிக்காரர் இன்னும் கணக்கில் இல்லை.

திரும்பி வரும் வழியில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். அவரவர் ஊரின் பத்து சர்வே எண்களை, பெரியவர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும், முன்பு ‘டி.சி. நிலம்’ என்று சொல்லப்பட்டவை. இணையத்தில் அ-பதிவேட்டை எடுத்து, இப்போது என்ன வகைப்பாடு, யார் பெயர் என்று அட்டவணை போட வேண்டும். பதினான்கு பேர் முடித்துக் கொடுத்தார்கள். நிபந்தனைப் பட்டா என்ற குறிப்பு எந்த எண்ணிலும் இல்லை. இரண்டு ஊர்களில், பாட்டிமார்கள் சொன்ன எண் இப்போது கிடங்குக்கும் மனைப்பிரிவுக்கும் உட்பிரிவாகியிருக்கிறது. யு.டி.ஆருக்கு முந்தைய கையெழுத்து அ-பதிவேட்டின் சான்றிட்ட நகல் கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, கணினி அறிவியல் மாணவி ஒருவரும் டிப்ளமோ மாணவர் ஒருவரும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறார்கள். 30 நாள் கெடு அடுத்த வாரம் முடிகிறது. பதில் வராவிட்டால் பிரிவு 19(1)-இன் கீழ் மேல்முறையீடு எழுதுவது யார் என்று இருவருக்கும் இப்போதே போட்டி.